தேதி மாற்றக்கூடிய டிக்கெட்

1

இந்த வாரத்தோடு நான் நியூசிலாந்தில் இருக்கும் ஆக்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம் முடிகிறது. யாரும் கொண்டாடவில்லை. கணவர் கோபிக்கு ஞாபகமே இல்லை. பதின்மூன்று வயது மகள் நிலாவிடம் சொன்னேன். "ஓ, கூல்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் ஞாபகம் இருப்பதற்குக் காரணம், வந்த அன்று நான் போட்ட ஒரு சபதம். அந்தச் சபதத்தால்தான் சமீபத்தில் என் அம்மாவிடம் ஒரு பொய் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரில் இருக்கிற நீங்கள் அதை என் அம்மா வாயால் கேட்பதற்குள் நானே எழுதிவிடுவது எனக்கு மரியாதை.

சபதம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினேன். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். கடைசி வரிசை, கழிவறையை ஒட்டிய இடம், பின்னால் சாயாத நாற்காலி. அங்கே போய்ச் சேர விமானத்தின் முன்பக்கம் வழியாக நடந்துதான் போக வேண்டும். முன்பக்கத்தில் ஓர் அம்மாள், என் அம்மா வயதுதான் இருக்கும், காலை முழுசாக நீட்டி உட்கார்ந்திருந்தார். விமானம் நகரவே இல்லை, அதற்குள் அவர் கையில் ஜூஸ். கைப்பையும் குளிர்ச்சட்டையுமாக இடித்துக்கொண்டு போன என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே ஒரு ரோஷம்! இரு, இரு, எங்கம்மாவை ஒருநாள் இதே இடத்தில் உட்கார வைக்காவிட்டால் என் பேர் பூங்கோதை இல்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனேன்.

என் அம்மா கன்னியம்மாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில் இறங்கி, கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். பேரைச் சொல்லமாட்டேன்; அம்மாவுக்கு அடுத்த தேர்தல் வருகிறது. அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டாள், சவுக்குத் தோப்பில் கட்டை சுமந்தாள், பிறகு பன்னிரண்டு வருஷம் கடற்கரையோரத்து ரிசார்ட் ஒன்றில் துண்டு துவைத்தாள். நீச்சல் குளத்தருகே காலை நீட்டிப் படுத்திருப்பவர்களின் துண்டு. அதைத் துவைத்தவள் ஒருமுறையாவது காலை நீட்டிப் படுத்து வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தப்பா? தப்பில்லை. எப்படி ஆசைப்பட்டேன் என்பதில்தான் தப்பு.

2

அம்மாவை இப்போது வரவழைக்கக் காரணம் என் பட்டமளிப்பு விழா. முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே, மகளை வளர்த்துக்கொண்டே, நாற்பத்து மூன்று வயதில் நர்சிங் பட்டம் வாங்கியிருக்கிறேன். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், அடித்துக்கொள்கிறேன்.

விசாவுக்கு விண்ணப்பித்தபோது ஒரு கேள்வி: பயணி ஊர் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம்? நிலம் இருக்கிறதா, தொழில் இருக்கிறதா, சொத்து இருக்கிறதா? எங்களுக்கு என்ன இருக்கிறது, ஒரு தொகுப்பு வீடும் நாலு கோழியும். கோபி தலையைச் சொறிந்தார். அப்போதுதான் அம்மா போனில் சொன்னாள்:

"நான் மெம்பரு ஆன சர்ட்டிபிகேட்டு கீதே, அதை வெச்சிப் பாரேன்."

அம்மா போன பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு மெம்பர் ஆனவள். எங்கள் தெருவுக்கு மட்டும் குடிநீர்க் குழாய் வராமலே இருந்தது. அதற்காகவே நின்றாள், ஜெயித்தாள். அந்தச் சான்றிதழை மொழிபெயர்த்து அனுப்பினோம். விசா வந்துவிட்டது. இந்தப் பெண்மணிக்கு ஊரில் வேலை இருக்கிறது, திரும்பிப் போய்விடுவார் என்று முகம் தெரியாத ஓர் அதிகாரிக்கே புரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குப் புரியவில்லை.

பெயர் விஷயத்திலும் ஒரு கூத்து உண்டு. என் அப்பா நான் பிறப்பதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இனிஷியல் என்னவென்று தலைமையாசிரியர் கேட்டாராம். "பெத்தவ நான், வளக்குறவ நான். என் பேரைப் போடு" என்று அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அரை நாள் வாதாடிப் பார்த்துவிட்டு அவரும் எழுதிக்கொண்டார். அதனால் நான் க. பூங்கோதை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கன்னியம்மாள் போய் உட்கார்ந்தது. இந்த நாட்டில் வங்கியும் ஆஸ்பத்திரியும் மகளின் பள்ளிக்கூடமும் என்னைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுகின்றன. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகி, அதை மறந்தே போனேன். அம்மாவிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

3

டிக்கெட் போட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின நாளே அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"பாப்பா, தேதி மாத்துற மாதிரி டிக்கெட்டா போடு. டேங்க் கட்டி முடிச்சாச்சு, பைப்பும் பொதைச்சாச்சு. தண்ணி தொறக்க பெரியவங்க எப்ப தேதி குடுப்பாங்கன்னு தெரியாம உக்காந்துகினு கீறேன்."

"சரிம்மா" என்றேன். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன்.

விமான டிக்கெட் வாங்குகிற பக்கத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே விமானம், கிளம்புகிற நேரம் ஒன்று, இறங்குகிற நேரம் ஒன்று. ஆனால் விலை கட்டம் கட்டமாக நிற்கும். முதல் கட்டம் மலிவு: கைப்பை மட்டும், தேதி மாற்ற முடியாது, வராவிட்டால் பணம் கோவிந்தா. இரண்டாவதில் ஒரு பெட்டி உண்டு, தேதி மாற்றினால் அபராதம். மூன்றாவதில் இரண்டு பெட்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் சும்மாவே தேதி மாற்றலாம். மூன்றுக்கும் நாற்காலி ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் வலது ஓரத்தில், நான் பதினோரு வருஷமாகக் கண்ணால் மட்டும் பார்த்து வந்த கட்டம் இருக்கும். முன்பக்கத்து இருக்கை. காலை நீட்டுகிற இருக்கை.

அன்றைக்குப் பார்த்து அதில் சலுகை விலை போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டத்தை விடக் கொஞ்சம்தான் கூட. கீழே பொடி எழுத்தில், இது சலுகைக் கட்டணம், தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பாது என்று இருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

கோபி பின்னால் வந்து நின்றார். கூடுவாஞ்சேரிக்காரர்; சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தவர். எதையும் இரண்டு முறை படிப்பார்.

"அத்தை தேதி மாத்தணும்னு சொன்னாங்களே, பூங்கோ?"

"அவங்களுக்கு என்ன, ஊர்ல சும்மாதானே இருக்காங்க. ஒரு தண்ணித்தொட்டி தொறக்கறதுக்கு வருஷக்கணக்கா தேதி குடுக்காதவங்க, சரியா நம்ம தேதியிலதான் குடுக்கப் போறாங்களா?"

நிலா சோபாவில் இருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நீ ஆயாகிட்ட கேட்டியா?"

"ஆயாவுக்கு இதெல்லாம் புரியாதுடி."

"கேட்டுப் பாத்தியா?"

"நீ உன் வேலையைப் பாரு" என்றேன். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும். நாய்க்குட்டியைத் தொடுவதற்குக்கூட நாய்க்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். நம் வீடுகளில் ஆசை அதிகமானால் யாரிடமும் கேட்க மாட்டோம்.

குடும்பப் பெயர் போடாமல் அந்த டிக்கெட் பக்கம் அடுத்ததற்கு நகரவில்லை. அம்மாவுக்கு ஒரே பெயர்தான். வேறு வழியில்லாமல் கோபி இரண்டு பெயர்க் கட்டத்திலும் அதையே அடித்தார். கன்னியம்மாள் கன்னியம்மாள், இருக்கை இரண்டு ஏ. அதைப் படம் பிடித்து உறவுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். கூடுவாஞ்சேரி நாத்தனார் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்த பொம்மை மூன்று அனுப்பினார். அந்தப் பொம்மைகளுக்காகவும்தான் அந்த டிக்கெட் போட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முன்னாடி சீட்டும்மா! படுத்துகிட்டே வரலாம்."

"முன்னாடியோ பின்னாடியோ, போற எடம் ஒண்ணுதானே. தேதி மாத்தலாமில்ல?"

"அதெல்லாம் மாத்திக்கலாம்மா. எல்லா டிக்கெட்டும் ஒண்ணுதான்."

இதுதான் நான் சொன்ன பொய். பஸ் விஷயத்தில் அம்மா எப்படி என்று தெரிந்தும் சொன்னேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீலக்ஸ் வந்து நிற்கும், கண்டக்டர் கூவிக் கூவிக் கூப்பிடுவார், அம்மா ஏறமாட்டாள். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வரும்வரை நின்று, அதில்தான் ஏறுவாள். காசில்லாமல் அல்ல. எந்தப் பஸ்ஸில் போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஏறுகிறவள் அவள்.

4

விமானம் செவ்வாய்க்கிழமை. விழா வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று வடக்கே சூலம் என்று நாட்காட்டித் தாளில் போட்டிருக்கும். எங்கள் ஊருக்கு மீனம்பாக்கம் வடக்கு. சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குக் கிளம்பக்கூடாது. அதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் பயணப் பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் வைப்பது என்பார்கள். பை வாசல் தாண்டிய நேரமே நீங்கள் கிளம்பிய நேரம். அதன் பிறகு பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது, திறக்கவும் கூடாது. அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல புடவைகளையெல்லாம் மடித்து வைத்து, அடுத்த வீட்டு எல்லம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டாள். எல்லம்மா அவளோடு முப்பது வருஷம் ஒரே வரப்பில் நடவு நட்டவள். பாஸ்போர்ட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை நான் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஊட்டி முடித்துவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"ஏ பாப்பா! வெள்ளிக்கெழம தண்ணி தொறக்குறாங்கடி! பெரிய ஆபீசரு வர்றாராம். இப்பதான் கிளார்க்கு வந்து சொன்னான். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுடு."

நான் அங்கிருந்த சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"லைன்ல கீறியா?"

"இருக்கேம்மா. மாத்த முடியாதும்மா."

"ஏன் முடியாது? மாத்தலாம்னு சொன்னியே."

"அது சலுகையில போட்டதும்மா. முன்னாடி சீட்டு. மாத்தவும் முடியாது, பணமும் வராது."

அம்மாவின் பக்கம் கோழி கத்துகிற சத்தம் கேட்டது.

"நான் கேட்டது இன்னா, நீ போட்டது இன்னா?"

"உனக்காகத்தானேம்மா..."

"எனக்காகவா? நாலு பேரு பாக்கணும்னு போட்டுட்டு எனக்காகன்றியே. அய்ய, அந்த ஏரோபிளேனு சீட்டை எல்லாருக்கும் போட்டோ புடிச்சி அனுப்புனியாமே. எனக்கு யாரும் சொல்லலன்னு நெனச்சிக்கினியா?"

எனக்கும் கோபம் வந்தது. "என் விழாவும் வெள்ளிக்கிழமைதாம்மா! நான் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டது உனக்குப் பெருசா தெரியலயா? ஒரு தண்ணித்தொட்டிக்கு ரிப்பன் வெட்டுறதைப் பார்க்க நீ அங்க நிக்கணுமா?"

"ரிப்பன் பாக்கறதுக்கு யாருடி நிக்கறா? கல்வெட்டு வெக்கிறாங்க. ஆபீசரு பேரு, தலைவரு பேரு எல்லாம் வெட்டியாச்சாம். மெம்பரு பேருக்கு எடம் இல்லன்னு சொல்லிக்கினு கீறாங்க. ஆபீசு ஆபீசா மனு எழுதிக் குடுத்தது நானு. பைப்பு பொதைக்கறப்ப வெயில்ல நின்னது நானு. நான் பக்கத்துல நின்னா எடம் வரும். கால் நீட்டிகினு வானத்துல கெடந்தா எவன் போடுவான்?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் குரல் இறங்கியது.

"அழுவாத. நீ மேடை ஏற நான் வந்துதான் ஆவணும்னு இல்ல பாப்பா. நான் வராட்டியும் நீ ஏறிடுவே. இங்க நான் இல்லன்னா என் பேரு ஏறாது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் வரலன்னு சொல்லல" என்றாள் அம்மா. "என் பை எல்லம்மா வூட்ல கீது. நான் கெளம்பியாச்சு. வந்து சேர்றதுதான் பாக்கி."

செவ்வாய்க்கிழமை விமானம் கிளம்பிப் போனது. அது வங்காள விரிகுடாவைத் தாண்டுவதைப் போனில் ஒரு சின்னப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஏ காலி. அத்தை ஏறிட்டாங்களா, அத்தை ஜூஸ் குடிச்சாங்களா என்று குழுவில் ஒரே விசாரிப்பு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தேன். இரண்டு நாள் அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் அம்மாவிடமிருந்துதான்.

அந்த இரண்டு நாளும் அவள் எங்கே இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கிளார்க்கைப் பிடித்து, மெம்பர் பெயரும் சேர்க்கப்பட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காசில்லாத பஸ் ஏறி மாமல்லபுரம் போயிருக்கிறாள். கல்வெட்டு அங்கே ஒரு பட்டறையில் இருந்தது. "எடம் இல்லம்மா, நாளைக்கு வா" என்றாராம் கல் வெட்டுகிறவர். "நாளைக்கு வர்றதுக்கு இன்னிக்கே உக்காந்துக்கறேன்" என்று அம்மா சாமி சிலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாளாம். அன்றும் உட்கார்ந்தாள், மறுநாளும் உட்கார்ந்தாள். வியாழன் மாலைதான் ஊர் திரும்பினாள்.

5

வெள்ளிக்கிழமை மதியம் விழா. இங்கே மதியம் என்றால் அங்கே காலை. கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி எல்லாம் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். பெயர் வாசிக்கிற பெண்மணி ஒவ்வொருவரிடமும் உச்சரிப்பைக் கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுத்தேன். கன், னி, யம், மாள். அவர் நாலு முறை சொல்லிப் பார்த்தார். கடைசி எழுத்துக்கு நாக்கு மடியவில்லை. மற்றபடி குறை சொல்ல முடியாது.

கோபி கீழே உட்கார்ந்து, போனில் வீடியோ கால் போட்டு மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் எங்கள் தெரு. தண்ணீர்த் தொட்டியின் கீழே பந்தல் போட்டு, விழாவுக்காகச் சீக்கிரமே வந்துவிட்ட பெண்கள் எல்லோரும் எல்லம்மா கையில் இருந்த போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் அம்மா. கிளிப்பச்சை நைலக்ஸ் புடவை. அவளிடம் அப்படி ஒரு புடவையே கிடையாது. அவளுடைய நல்ல புடவைகளெல்லாம் பையில் இருந்தன, பையைத் திறக்கக்கூடாது. எல்லம்மாவுடையதை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள்.

"பூங்கோதை கன்னியம்மால்" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் மேடை ஏறினேன். கை குலுக்கினேன். இறங்கி வந்து, நேராகக் கோபியிடம் போய்ப் போனை வாங்கினேன். இரண்டு நாள் ரோஷமெல்லாம் எங்கே போனதோ.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா இருந்துச்சு. ஆனா ஏண்டி, என் பேரை இன்னாத்துக்கு அங்க கூப்புட்டாங்க? நான் வரலன்னு சொல்லலியா நீ?"

"அது என் பேரும்மா. இங்க எனக்கு அதுதான் கடைசிப் பேர். அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"எங்க?"

"எல்லா இடத்திலயும். பேங்க்ல, ஆஸ்பத்திரியில. மிஸ் கன்னியம்மாள்னு."

"பதினோரு வருசமாவா?"

"ஆமாம்மா."

அம்மா எல்லம்மாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இதை ஒரு நாளாச்சும் சொன்னியாடி நீ" என்றாள்.

நான் அங்கியைக் கழற்றவில்லை. மண்டபத்துக்கு வெளியே புல்வெளியில் எல்லோரும் தொப்பியை மேலே எறிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் ஒரு பெஞ்சில் போனை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதிகாரி வரத் தாமதம். பிறகு வந்தார், மாலை போட்டார்கள், திரையை இழுத்தார்கள். எல்லம்மா போனைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மேலே பெரிய பெரிய எழுத்தில் பெரிய பெரிய பெயர்கள். எல்லாவற்றுக்கும் கீழே, விளிம்பை ஒட்டி, ஒரு வரி. மற்ற வரிகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. அதற்குப் பூச நேரமில்லை போல. வெட்டின கல்லின் வெள்ளை அப்படியே தெரிந்தது. திருமதி கன்னியம்மாள், வார்டு உறுப்பினர்.

நிலா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படித்தாள். "அம்மா, இது உன் சர்நேம்!" என்று கத்தினாள். அக்கம்பக்கத்தில் படம் எடுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கே யாரோ குழாயைத் திறந்தார்கள். முதலில் காற்று சீறியது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லம்மா போனைக் குடத்துக்குள் போட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கல்வெட்டைத்தான் பிறகு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். இரண்டு ஏ பற்றிக் கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். நாத்தனார் இந்த முறை பொம்மை அனுப்பவில்லை. "அத்தைக்கு என் வணக்கம்" என்று எழுதினார்.

6

மறுநாள் சனிக்கிழமை, இரண்டாவது டிக்கெட். இந்த முறை போனை ஸ்பீக்கரில் போட்டு, கட்டம் கட்டமாகப் படித்தேன்.

"மொத கட்டத்துல இன்னா கீது?"

சொன்னேன்.

"வேணாம். அடுத்தது?"

சொன்னேன்.

"தேதி மாத்துனா அபராதமா? நான் இன்னா தப்பு பண்ணேன் அபராதம் கட்ட? அடுத்தது?"

மூன்றாவது கட்டத்தைப் படித்தேன்.

"அதைப் போடு. ஓரமா சீட்டு போடு, எழுந்து நடக்கறதுக்கு."

"சக்கர நாற்காலி கேட்டு வைக்கட்டுமாம்மா? கூடவே ஆள் வந்து வழி காட்டுவாங்க. பாஷை தெரியாத அம்மாக்களுக்கு எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"நடக்கத் தெரியாதவளா நானு? பாஷை தெரியலன்னா வாயால கேட்டுக்கறேன். கால் நல்லாத்தான் கீது."

திங்கட்கிழமை எல்லம்மா வீட்டு வாசலிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பினாள். சிங்கப்பூரில் விமானம் மாறி, கேட்டுக் கேட்டு நடந்து, கால் வீங்கி, தலை கலைந்து வந்து சேர்ந்தாள். கழிவறைக்குப் பக்கத்து வரிசைதான் கிடைத்ததாம். நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து வந்த அதே மாதிரி இடம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"கால் கொஞ்சம் மரத்துப் போச்சு. அதுக்கு இன்னா? தேதி என் கையில இருந்துச்சில்ல" என்றாள்.

பத்து நாள் போனது. என் பட்டத்தைக் கையில் வாங்கி, எழுத்துக்களை விரலால் தடவி, தன் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நிலாவை உட்கார வைத்து, ஊருக்குப் போன் போட்டு, தண்ணீர் தினமும் வருகிறதா என்று காலையும் மாலையும் விசாரித்தாள். நிலாவுக்கு இப்போது மோட்டார், வால்வு, கிளார்க்கு எல்லாம் தெரியும். ஆயாவோடு இருக்கும்போது ஹெட்போன் மேஜைமேல் கிடக்கிறது.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெருமையாகச் சொன்னேன். "எம்மா, மூணு மாசம் தங்கலாம். பிடிச்சிருந்தா இன்னும் தள்ளிப் போட்டுக்கலாம். இந்த டிக்கெட்டை எத்தனை வாட்டி வேணும்னாலும் மாத்தலாம்."

"நெசமாவா? இந்த வாட்டி பொய் இல்லியே?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப முன்னாடி மாத்து."

"முன்னாடியா?"

"கிராம சபைக்குத் தேதி வெச்சிட்டாங்களாம். தெருலைட்டு விஷயம் கீது. நான் போயி எழுந்து நின்னு பேசினாத்தான் தீர்மானத்துல ஏத்துவாங்க. நீ இன்னா, நல்லாத்தான் கீறே. வேலை கீது, பட்டம் கீது. அடுத்த வருசம் வர்றேன்."

தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். இன்னும் அவளைக் கடலுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இந்த முறை கோபியும் நிலாவும் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அம்மா நாள் சொன்னாள், அந்த நாளைப் போட்டேன். அபராதம் எதுவும் கேட்கவில்லை. மாற்றத்துக்கான காரணம் என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது; விருப்பமிருந்தால் நிரப்பலாம், விட்டுவிடவும் செய்யலாம். நான் விடவில்லை. பயணிக்கு ஊரில் அலுவல் இருக்கிறது என்று எழுதினேன்.